தாழ்ப்பாள் இல்லையென்று விட்ட சீட்

இன்று காலை குளியலறையில் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், அம்மா. மற்றவர்களுடைய அம்மாக்கள் பிச்சிப்பூவோடும் மீன்குழம்போடும் நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு நீ வருவது இப்படித்தான். வந்தால் கூடவே கோபமும் வரும், இன்றும் வந்தது. நீ போய் பதினான்கு மாதம் ஆகிறது. இறந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நீ இருந்தபோது நான் ஒரு நாளும் கோபத்தை வெளியே காட்டவில்லை. பிறகு எப்போதுதான் காட்டுவதாம்?

தொண்ணூறுகளின் நடுவில் பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷப் பிரீடிகிரியை நான் முடித்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மழைக்காலத்தில், கேரள எல்லையில் கொல்லயில் என்கிற நம் ஊர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கையில் ஒரு கல்லூரியோடுதான் வந்தார்கள். அப்பாவுக்கு பாறசாலை ஸ்டேஷனில் நிற்கிற ரயில் எந்தக் கல்லூரிக்குப் போகிறதோ அதுதான் நல்ல கல்லூரி. சித்தப்பா எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்க்கச் சொன்னார், அங்கே வாரத்துக்கு ஒரு சமரம் என்று ஸ்டிரைக் வைத்து வகுப்பைக் கெடுக்க மாட்டார்களாம். அடுத்த வீட்டுக்காரர் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தார். அந்தப் பட்டத்தை இங்கே வேலைக்குக் காட்டினால் சமானம் என்று இன்னொரு சான்றிதழ் கேட்பார்கள் என்றார். எப்படியும் நம்முடைய ரிசல்ட் வருவதற்குள் அங்கே சேர்க்கை முடிந்துவிட்டது.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, பிசிக்ஸ். இரண்டாவது, மொழிப்பாடமாகத் தமிழ். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பக்கத்துக் கல்லூரியில் தமிழ் இல்லாததால் இரண்டு வருஷம் மலையாளத்தில் கட்டுரை எழுதித் திணறியவள் நான். பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன், எழுதுவது வேறு. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தது திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில்தான். அங்கிருந்து இண்டர்வியூ கார்டு வந்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லை என்று உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ கேட்டது ஒரே கேள்வி. காலையில் ஆறரைக்குப் போனால் எத்தனை மணிக்குத் திரும்புவாய்? சாயங்காலம் ஆறரை என்றேன்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட நீதான் வந்தாய். வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உன் மடியில் என் சர்டிபிகேட்டுகள் இருந்த நீலக் கவர். திடீரென்று கவரை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாய். அரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. தொலைவில் இரண்டு மாணவிகளை நிறுத்தி வைத்து நீ மலையாளத்தில் விசாரித்துக்கொண்டிருந்ததும், அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்ததும் எனக்குத் தெரிந்தது. வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். திரும்பி வந்தபோது முந்தானையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாய். என்ன என்று கேட்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். பிரின்சிபால் என் மார்க்கைப் பார்த்து, நல்லது என்று தலையசைத்தார். சர்டிபிகேட்டுகள் மேசைமேல் பரப்பியிருந்தன. நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை கிளார்க் விரலால் காட்டினார். நீ பேனாவைத் தொடவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இருக்கிற நான்கு கக்கூஸில் இரண்டு பூட்டிக் கிடக்கிறது, மற்ற இரண்டில் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை, அது எப்போது சரியாகும் என்று கேட்டாய். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் கல்லூரி பார்க்க வந்தீர்களா, கக்கூஸ் பார்க்க வந்தீர்களா என்று பிரின்சிபால் மலையாளத்தில் கேட்டார். நீ பதில் சொன்னது மட்டும் தமிழில்.

"ரெண்டும் பாக்கியதுக்காக்கும் வந்தது, ஸாறே."

அவர் முகம் மாறியது. விருப்பம் இருந்தால் சேர்க்கலாம், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். நீ ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கவரில் வைத்தாய். அவசரமே இல்லாமல், கடையில் சேலை மடிப்பதுபோல மடிப்புக் கலையாமல் வைத்தாய். "வா மக்கா, போவோம்" என்றாய். அவ்வளவுதான். என் பிசிக்ஸும் என் தமிழும் அந்தக் கவருக்குள் போய்விட்டன.

ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. நீ என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னாய்.

"துணிக்கடையில பதினோரு வருசம் நான் அடக்கிப் பிடிச்சிட்டு நின்னது போதும். நீ நிக்கண்டாம்."

எனக்குத் தெரியாதா அம்மா? நெய்யாற்றின்கரையில் அந்தக் கடையில் காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நீ நின்றதும், வேலைக்கு வரும் பெண்களுக்கு அங்கே ஒரு மறைவிடம்கூட இல்லாததும், அதற்காகவே நீ பகலில் தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் எல்லாம் தெரியும். மாதம் ஒருமுறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். சூடு என்று சொல்லி சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் கடைக்குப் போவாய். ஆனால் அது உன் கதை. பதினேழு வயதில் எனக்கு அந்தக் கதை வேண்டாததாக இருந்தது. எனக்கு ஒளியும் மின்சாரமும் படிக்க வேண்டும்.

அடுத்த வாரம் நீ என்னைச் சேர்த்த பெண்கள் கல்லூரியில் ஆறு கக்கூஸ் இருந்தது. ஆறிலும் தாழ்ப்பாள், ஆறிலும் தண்ணீர், ஆறிலும் பிளீச்சிங் பவுடர் வாசனை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, அந்த மாதத்தில் முதல்முறையாக நீ சிரித்தாய். பிசிக்ஸ் இல்லை, தமிழும் இல்லை. ஹிஸ்டரி எடுத்தேன், மறுபடியும் மலையாளம் எழுதினேன். மூன்று வருஷம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டு, எனக்கு ஒட்டாத ராஜாக்களை மனப்பாடம் செய்தேன். பிறகு பரீட்சை எழுதி கிளார்க் ஆனேன். இன்றைக்கும் பெருங்கடவிளை பிளாக் ஆபீசில் மனுக்களுக்கு நம்பர் போடுகிறேன். என் மூத்திரப்பை நன்றாக இருக்கிறது. எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று உன்னிடம் கத்த வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்.

என்கூட பிரீடிகிரி படித்த ஷைலாவுக்கு அந்தத் திருவனந்தபுரம் கல்லூரியில் பிசிக்ஸ் கிடைத்தது. இண்டர்வியூ அன்று எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவள். என் சீட்தான் அவளுக்குப் போனது என்று நானாக முடிவு செய்து, பல வருஷம் ரயிலில் அவளைக் கண்டால் வேறு பெட்டியில் ஏறுவேன். இப்போது அவள் பிசிக்ஸ் டீச்சர். அங்கே எப்படி இருந்தது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். மூன்று வருஷமும் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்ததில்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றாள். அப்படியானால் மறுபடியும் சேருவாயா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"சேருவேன். ஆனா உனக்க அம்மா கேட்டத நாங்க ஒருத்தியும் கேக்கல்ல பாத்தியா."

அதைக் கேட்டபோது பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அன்றே வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். அப்போது உனக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அது எனக்குப் பழக்கமாக்கும் என்று அவரிடம் சொன்னவள் நீ. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிசிக்ஸ் சீட்டுக்கு எப்படிச் சண்டை போடுவது? உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உன் பேத்தியைக் காலேஜில் சேர்த்தேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அவளே தேர்ந்தெடுத்தது. நானும் போய்ப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு கதவில் தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடந்தது. நான் திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததும் அவள் தன் சர்டிபிகேட்டுகள்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். உன் கதை அவளுக்குத் தெரியும்.

"அம்மா, பேப்பர எடுக்கண்டாம். தாழ்ப்பாள் நான் கேட்டு வாங்கிக்குவேன்."

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தாழ்ப்பாளைப் பற்றி மனு எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. இரண்டையும் செய்திருக்கலாமே, அம்மா. கேட்டிருக்கலாம், சேர்த்தும் இருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

உன் காலத்தில் உன்னை யாரும் மதித்துக் காகிதம் வாங்கியிருக்க மாட்டார்கள், அதுவும் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லாதது. அன்று நீ காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தபோது என் கை அந்த மேசைமேல்தான் இருந்தது. என் மகள் ஊன்றியதுபோல நானும் ஊன்றியிருக்கலாம். நான் கையை எடுத்து உனக்கு வழி விட்டேன். இத்தனை வருஷமாகச் சுமக்கிற கோபத்தில் பாதி அந்தக் கையின் மேல். மீதிப் பாதி உன்மேல்தான், அதை நான் விடுவதாக இல்லை.