கண்ணாடியில் எழுதிய தேறாது

அன்புள்ள அக்காவுக்கு,

முன்பல் ஒன்று குறைந்த உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். அப்பா அமைதி, அம்மா கோபம், நான் வீக்கம்.

போனில் பேசலாம்தான். ஆனால் 'ச' வருகிற இடத்தில் எல்லாம் எனக்கு விசில் வருகிறது. தவிர, நான் பேச ஆரம்பித்தால் 'சரி சரி' என்று போனை வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அடுத்த வாரம் பஸ் ஏறி உன் புகுந்த வீட்டுக்கே திரும்பிப் போகப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். நீ போனால் அப்பா மேல் கொடுத்த போலீஸ் புகாரை வாபஸ் வாங்கிவிடுவதாக உன் மாமியார் சொன்னாராம். அவர் சொன்ன கதையில் அப்பா ரவுடி, நான் பேய், அவர் மகன் கையில் மாவுக்கட்டு போட்ட பச்சைக்குழந்தை. நடந்ததை நான் சொல்கிறேன். நான் அங்கேதான் இருந்தேன். என் பல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

'தேறாது' என்ற வார்த்தை உனக்குத் தெரியும். நம் வீட்டில் உப்பு மாதிரி புழங்குகிற வார்த்தை. கணக்கு டீச்சர் என் விடைத்தாளைத் திருப்பாமலே சொல்வார். அம்மா கத்திரிக்காயைப் பிளந்து புழுவைப் பார்த்ததும் சொல்வாள், பிறகு பாதி தேறும் என்று வெட்டிப் போட்டுவிடுவாள். எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார். அந்தப் பெரியவர் இப்போது தினமும் நம் வீட்டுப் பேப்பரை முதலில் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். ஆகவே யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்பா லேசில் சொல்லமாட்டார். நம் பட்டறைக்கு விபத்தில் நசுங்கிய வண்டிகள் எந்தக் கோலத்தில் வரும் என்று உனக்குத் தெரியும். சீட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கும், உடைந்த கண்ணாடியில் யாருடைய முடியோ ஒட்டியிருக்கும். அப்பா அதை எல்லாம் ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "தட்டினா வந்துரும்" என்பார். கீழே படுத்து, அடிச்சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடிப்பார். இரண்டு நூலும் ஒரே நீளம் என்றால் மேல் தகடு எப்படி நசுங்கியிருந்தாலும் கவலையில்லை. நீளம் மாறினால் சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது, எத்தனை பெயிண்ட் அடித்தாலும் ஒருநாள் ஆளைக் கொல்லும். அப்போதும் டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை நூல் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் முன்கண்ணாடியில் சாக்பீஸால் 'தேறாது' என்று எழுதுவார். எழுதிவிட்டால் அப்பாவின் உதவியாள் மின்னல் அண்ணன் யாரையும் கேட்கமாட்டார். வண்டியைப் பிரித்து, கேஸ் நெருப்பு வைத்துப் பழைய இரும்பாக வெட்டிவிடுவார். (மின்னல் என்று நாம் பேர் வைத்தது அவர் வேகத்துக்காக இல்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.)

உன் வீட்டுக்காரர் விஷயத்திலும் அப்பா அதையேதான் சொன்னார். புருவம் கிழிந்து நீ வந்தபோது, "கோவக்காரப் பய, தட்டிக்குடுத்தா வந்துருவான்" என்று அவரே உன்னைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். விலா எலும்பு விரிசலோடு வந்தபோதும் அதேதான். அடிப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றி வைப்பார் என்று நீ அழுதுகொண்டே சொன்னாய். நீ போன பிறகு அப்பா அம்மாவிடம், "கோவத்துல அடிக்கிறவன் எவன்டி வாட்ச்சக் கழட்டுவான்? புள்ள பயத்துல எதையோ சொல்லுது" என்றார். அன்று சாயங்காலம் அப்பாவின் செருப்பு முழுக்க கிரீஸ். யார் செய்தது என்று நீ கேட்கவேண்டியதில்லை.

நீ அங்கிருந்து தப்பி இப்போது இருக்கும் இடத்துக்குப் போன பிறகு, உன்னைத் தேடி அந்த ஆள் நம் வீட்டுக்கு வந்தார். பட்டறை முற்றத்தில் நிறுத்தியது புதுக் கார், வெள்ளை, ஒரு கீறல் இல்லை. ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். முன்னறையில் உட்கார்ந்து அப்பாவின் கையில் நெற்றியை வைத்து அழுதார். நீ தங்கியிருக்கும் இடத்தின் விலாசம் மட்டும் போதுமாம், கால்ல விழுந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாராம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா அவர் தோளைத் தட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை அரித்தது. சாக்பீஸை எடுத்து அந்த வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில், அப்பாவின் கையெழுத்திலேயே, 'தேறாது' என்று எழுதினேன். 'து'வுக்கு அவர் இழுக்கும் அந்த வாலோடு. ஊர் முழுக்க அந்த வார்த்தையோடு ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். டயர் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த மின்னல் அண்ணன் அதைப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேருக்கு ஏற்ற மாதிரி வேலை செய்தார். நான்கு கதவும் கழன்று சுவரில் சாய்ந்துவிட்டன. பானெட் தரைக்கு வந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேஸைப் பற்றவைத்துக் காரின் கூரையை வெட்டப் போய்விட்டார்.

அந்த ஆள் வெளியே வந்தார், பின்னாலேயே அப்பா, கையில் பாதி எழுதிய விலாசம். கத்தவில்லை அக்கா. யார் என்று மட்டும் கேட்டார். மின்னல் அண்ணன் கண்ணில் மாட்டியிருந்த வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "மொதலாளி எழுதியிருந்தாருங்க, பளபளன்னு இருந்தாலும் உள்ள சட்டம் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார். எழுந்து ஓடப் பார்த்த என் விரல்களில் இருந்த வெள்ளையை அந்த ஆள் பார்த்தார். சிரித்தார். பிறகு வாட்ச்சைக் கழற்றினார். நிதானமாக வாரை மடித்து, மேஜையில் சுத்தியல்களுக்கு நடுவில் வைத்தார்.

அப்பாவின் கையிலிருந்து காகிதம் விழுந்தது.

அந்த ஆள் எடுத்த வீல் ஸ்பேனர் முதலில் மின்னல் அண்ணனின் தோளில் இறங்கியது. காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற சத்தம். அடுத்து என் பின்னலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு என் முகத்தை மட்கார்டில் மோதினார். மறுபடியும் மோதினார். வாய் நிறைய ரத்தம், பல், வெள்ளைப் பெயிண்ட். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, என் மூக்கு அதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. மோதும்போது மூச்சுக்கூட வாங்கவில்லை அவர். உனக்கு அது தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுபடியும் என் தலையைத் தூக்கியபோது அப்பா வந்தார். ஓடி வரவில்லை. தகட்டில் வேலை செய்யப் போகிற மாதிரி நடந்து வந்து, பின்னலைப் பிடித்திருந்த கையைக் காரோடு சேர்த்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்தார். அப்பாவுக்கு இரண்டாவது அடி எப்போதும் தேவைப்படாது. மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தது. அந்த ஆள் தரையில் உட்கார்ந்து அம்மா என்று கூப்பிட்டார், அப்புறம் அழுதுகொண்டே, "மாமா, அவள அனுப்பிடுங்க மாமா, எல்லாம் சரியாயிடும்" என்றார். என் ரத்தம் அவர் சட்டையில் இருந்தது.

இப்போது அப்பா தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். உள்ளே போக வேண்டி வரலாம் என்று வக்கீல் சொன்னார். அம்மா அதைத்தான் உன்னிடம் அழுதிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் கேட்டபோது அப்பா, "ஆமா, அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். மின்னல் அண்ணன் தோள் கட்டோடு படுத்திருக்கிறார். அந்தக் காரில் வெட்டாமல் டிக்கி மட்டும் பாக்கி இருக்காம், உன்னிடம் சொல்லச் சொன்னார்.

நீ திரும்பிப் போகப்போவதை அம்மா சொன்னதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு தடவ நானே கொண்டுபோய் விட்டேன். எனக்காக இன்னொரு தடவ போனான்னா, அதுக்கு நான் எந்த ஸ்டேஷன்ல போய் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார்.

வழக்கு முடியும்வரை காரைத் தொடக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருப்பதால் அது முற்றத்திலேயே நிற்கிறது. நேற்றுப் பெய்த மழையில் நான் எழுதியது அழிந்துவிட்டது. இன்று காலை போய்ப் பார்த்தால் கண்ணாடியில் மறுபடியும் 'தேறாது'. சத்தியமாக நான் இல்லை. நான் 'து'வுக்கு இழுத்த வாலை விட இந்த வால் நன்றாக இருந்தது. குனிந்து பார்த்தேன், காருக்குக் கீழே தரையில் மழைத்தண்ணீர் அப்படியே கலையாமல் நின்றது. அப்பா கீழே படுக்கவே இல்லை. நூல் பிடிக்காமலே எழுதியிருக்கிறார்.

அந்த பஸ்ஸில் ஏறாதே அக்கா.

சின்னவள் பெரியவளை ஆசீர்வாதம் செய்யக்கூடாது என்று அம்மா சொல்வாள். பல் விழுந்தவர்கள் செய்யலாம். அந்த உரிமையில் சொல்கிறேன்: நன்றாக இரு. அங்கேயே இரு.

இப்படிக்கு,
விசிலடிக்கும் உன் தங்கை