மூன்று டப்பாக் கீரை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முதுகுவலி தேவலையா? அந்தக் கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு போடவும் சேர்த்தே உத்தரவு வாங்கியிருக்கலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்து, மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கலாமா என்று யோசித்தேன். மாத்திரைத் தொழிற்சாலையின் குழாயை அடைத்தாகிவிட்டது, இனி ஒரு சொட்டுக் கழிவும் வாய்க்காலில் விழாது என்ற வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். ஆறு வருஷம் நாயாய் அலைந்து ஜெயித்துவிட்டீர்கள். பெருமையில் அழுதேன்.

உங்கள் தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நிலத்தை உழுது பாத்தி கட்டிவிட்டார். முதல் விதையை அண்ணன்தான் போடணும் என்று ஒரே பிடிவாதம். பக்கத்து நிலத்துக்காரர்களும் விதை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

நான்தான் சும்மா இருக்காமல் மூன்று டப்பாக்களில் கீரை விதைத்துப் பார்த்தேன். முதல் டப்பாவில் நம் மண், பிடித்து வைத்திருந்த பழைய வாய்க்கால் தண்ணீர். முளை வெளுத்து, காகிதம் மாதிரி படுத்துவிட்டது. அது தெரிந்த கதைதானே. இரண்டாவதில் வாய்க்கால் தண்ணீர் படாத பள்ளிக்கூடத்து மண், மழைத்தண்ணீர். பச்சைப்பசேலென்று வந்தது. மூன்றாவதில் நம் மண்ணுக்கு மழைத்தண்ணீரை மட்டுமே ஊற்றினேன். அதுவும் வெளுத்துத்தான் முளைத்தது.

விதையை மாற்றினேன். மேட்டுப் பக்கம், வரப்போரம், ஒரு முழம் ஆழம் என்று மண்ணைத் தோண்டித் தோண்டி விதைத்துப் பார்த்தேன். எல்லாம் அதே வெளுப்புதான். கடைசியில் மண் பரிசோதனைக்கூடத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். தொழிற்சாலை மருந்துக் கழிவு மண்ணிலேயே ஒட்டிக்கிச்சு, தண்ணிய நிறுத்தினாலும் போகாது, எத்தனை வருஷம்னு என்கிட்ட கேக்காதீங்க என்றார்.

தண்ணீருக்குத்தான் வழக்குப் போட்டோம். மண்ணைப் பற்றி நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

டப்பாக்களைப் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறேன். தம்பியிடம் சொல்ல வாய்வரை வருகிறது, அவர் சிரிப்பைப் பார்த்ததும் முழுங்கிவிடுகிறேன். அப்பா வர்றாரு, நீ ஏம்மா இப்படி இருக்கே என்று மகள் கேட்டாள். தலைவலி என்றேன்.

சனிக்கிழமை கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது வருவீர்கள், எப்போது வருவீர்கள் என்று ஆறு வருஷம் நச்சரித்தவள் நான். இப்போது கெஞ்சிக் கேட்கிறேன், இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருங்கள். ஏதோ கையெழுத்துப் பாக்கி என்று தம்பிக்கு எழுதிவிடுங்கள். இவர்கள் எல்லோரும் இன்னும் ஒரு வாரமாவது ஜெயித்தவர்களாக இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி