‘ஈரத் தீக்குச்சி’யில் டிரம்ஸ் அடித்தது யார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நாங்களாகவே நினைத்து நிம்மதியாக இருக்கிறோம், அதைப் பொய்யாக்கிவிடாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது திட்டுவதில்லை, ஆகவே குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். குளியலறைக் குழாய் ஒழுகியதை மாற்றியாயிற்று. உன் சித்தப்பா வீடு மாற்றுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இன்னும் அதே வீட்டில் இருக்கிறான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுவதும் படி.

நீ விட்டுப்போன பழைய ராக் குழுக்களின் கேசட்டுகளில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. சிலவற்றில் டேப் ஒட்டிக்கொண்டு சுற்றவே மாட்டேன் என்கிறது, அவற்றைப் பென்சிலால் மெதுவாகச் சுற்றித் தளர்த்தித்தான் போடுகிறேன், பூஞ்சை பிடித்ததைத் தனியாக வைத்திருக்கிறேன். பாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதே. ஆரம்பத்தில் டேப் டெக்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்த்தேன், பிறகுதான் அவர்கள் வாசிப்பதே அப்படி என்று புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, சுவர் ஏதாவது இடிக்கிறீர்களா என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார். ஆனாலும் காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு வேலை என்று ஒன்று கையில் இருந்தால்தான் பொழுது போகிறது, அதனால் உனக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

கேசட் அட்டைகளில் சிவப்புப் பேனாவால் கடுகு கடுகாக எழுதி வைத்திருக்கிறார்களே, அதைப் படித்துப் படித்துக் கண் மங்கலாகிவிட்டது. தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்மணிதான் கண்ணும் பார்ப்பார், கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டார். எதைப் படிக்கும்போது சிரமமாக இருக்கிறது என்று கேட்டார், நான் சட்டைப்பையிலிருந்து ‘ஈரத் தீக்குச்சி’ கேசட்டின் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். “இது உங்ககிட்ட எப்படி சார் வந்துச்சு?” என்று கேட்டார். என் மகள் படிக்கிற காலத்தில் தேடித் தேடிச் சேர்த்தது, இப்போது உலகமே கேட்கும்படி இன்டர்நெட்டில் போடுகிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல டிரம்ஸ் அடிச்சது நான்தான்” என்றார்.

அட்டையில் ‘டிரம்ஸ் – சுத்தி’ என்றுதானே இருக்கிறது. சுத்தி என்பது அவருடைய அண்ணனின் பட்டப்பெயராம், அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். செருப்புக் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில்தான் இவர்கள் குழு வாசித்திருக்கிறது. “பையன்களோட சேர்ந்து டிரம்ஸ் அடிக்கிறேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே படிப்பை நிறுத்தியிருப்பாரு சார், அதான் அண்ணன் பேரைப் போட்டோம்” என்றார். அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. யாரோ ஒருவர் அண்ணனைப் பிடித்து, அந்தச் சுத்தி நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார், அவரும் ஒரு தடவை தலையாட்டிவிட்டார், அதற்கப்புறம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது நீ வேறு உன் இன்டர்நெட் பக்கத்தில் அவரைத் தூக்கி வைத்து எழுதிவிட்டாய், எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவருக்குக் கடிதம் போடுகிறார்கள், உன் நண்பர்கள் பழைய குழுக்களையெல்லாம் கூட்டி நடத்தப்போகிற நிகழ்ச்சியில் வந்து வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் சரி என்றுவிட்டார். நான் உடனே மகளிடம் சொல்லித் திருத்திவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொள்ளாத குறைதான். “வேண்டாம் சார். வேலையை விட்டு நின்னதுலேர்ந்து அவன் அறையை விட்டே வரல. இப்பதான் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வெளிய போறான். அவன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால், மனசு அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த கேசட்டை மறுபடி கேட்டேன். பாட்டுக்கு நடுவில் வருகிற பேச்சையெல்லாம் வெட்டிவிடு என்று நீ சொல்லியிருந்தாய், உனக்கு அனுப்பியதில் வெட்டியும்விட்டேன், ஆனால் பிறர் பேசியதைத் தூக்கி எறிய மனம் வராமல் வெட்டாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் ஒரு பாட்டு முடிந்ததும் யாரோ இருமுகிறார்கள், எட்டத்திலிருந்து ஒரு ஆண் குரல், “பாப்பா, மெதுவா அடி, மேல கடைக்காரரு எட்டிப் பாக்கறாரு” என்கிறது. உடனே ஒரு பெண் குரல், “நீ கதவைப் பாருடா, டிரம்ஸை நான் பாத்துக்கறேன்” என்கிறது. நான் அம்மாவிடம் ஓடினேன். அவள், ஊரில் இருக்கிற பிழையெல்லாம் நீங்கள்தான் திருத்த வேண்டுமா என்று முதலில் கடிந்துகொண்டாள், பிறகு யோசித்து, அந்த மனுஷனை மேடை ஏற்றிக் கையில் குச்சியைக் கொடுத்தால் பாவம் என்ன செய்வார் என்று கேட்டாள். ரெண்டு பேரையும் டீ குடிக்கக் கூப்பிடுங்கள், கேசட்டைப் போடுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றாள். உன் அம்மா சொன்னால் நான் கேட்பேன்.

போன ஞாயிறு சாயங்காலம் வந்தார்கள். சுத்தி நல்ல உயரம், கூச்ச சுபாவம், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். கேசட் ஓடியது. அந்தப் பேச்சு வந்ததும் டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். “என் குரல்தான்” என்றார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, “விடுடா, யாருக்குத் தெரியப்போகுது” என்றார். அதற்கு அவர், “எனக்குத் தெரியுதே பாப்பா. வரேன்னு சொல்லிட்டேன். தினமும் தலையணையில தட்டித் தட்டிப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது” என்றார். தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தன்னை மன்னித்துவிடு என்று அண்ணன் ஏதோ தொடங்கினார், தங்கை முடிக்கவிடவில்லை. “நீ அன்னிக்குக் கதவுல நிக்கலேன்னா நான் அடிச்சிருக்கவே முடியாது” என்றார். அதன் பிறகு இருவரும் எங்களை மறந்துவிட்டு அந்தச் செருப்புக் கடைக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது சுத்தி படிக்கட்டுக் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே இறங்கினார், கீழ்ப்படி வரைக்கும் தங்கை, தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டே போனது மாடிக்குக் கேட்டது.

ஆகவே கண்ணு, நீ செய்ய வேண்டியது இதுதான். நிகழ்ச்சிக்கு இருவரும் வருகிறார்கள், தங்கை வாசிப்பார் என்று உன் நண்பர்களிடம் சொல்லிவிடு. உன் பக்கத்தில் பெயரை மாற்று. மாற்றும்போது உண்மை அம்பலம், மறைத்த கதை என்றெல்லாம் சூடாக எழுதிவிடாதே, அந்த மனிதர் மறுபடி அறைக்குள் போய்விடக் கூடாது. நீ புகழ்ந்து எழுதியது ஒன்றும் வீணில்லை, அடித்த கைக்கு அது போய்ச் சேரட்டும். வெட்டாத பிரதியை ஏற்றலாம் என்று இருவரும் சம்மதித்திருக்கிறார்கள், இத்துடன் அனுப்பும் பென் டிரைவில் இருக்கிறது.

ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. தலைக்கு எண்ணெய் வை என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். எந்த ஊரில் இருந்தாலும் மனசு நிறைந்து, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, சுத்தி கேட்டுக்கொண்டபடியே போட வேண்டும்: ‘டிரம்ஸ் – பாப்பா. கதவு – சுத்தி.’ கதவுக்கெல்லாம் யாராவது பெயர் போடுவார்களா என்று அந்த வரியை வெட்டிவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா