கடலூரில் நான் சொல்லாத சாட்சி

உன் தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீல் அனுப்பிய காக்கி உறையை இன்று மத்தியானம் உன் மனைவிதான் எடுத்துக்கொண்டு வந்தாள். பதினேழு பக்கம், எல்லாம் ஆங்கிலம். முதல் பக்கத்தில் உன் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று போட்டு, வாரிசாக அவள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்காகவா அத்தனை வருடம் அலைந்தாய்?

மந்தாரக்குப்பம் பிரவுசிங் சென்டர்க்காரர் நம்மைப் பார்த்தாலே ஹைகோர்ட் பக்கத்தைத் திறந்து வைத்துவிடுவார். மறுநாள் வழக்குப் பட்டியலில் உன் நம்பர் இருக்காது. நீ விடமாட்டாய். எந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்முடையதைப் போன்ற வழக்குகளில் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்வாய். "இந்த பெஞ்சு போன மாசம் ரெண்டு பேர வேலைல சேக்கச் சொல்லிச்சுடா" என்று எனக்கு டீ வாங்கித் தருவாய். அடுத்த மாதமே ரோஸ்டர் மாறி அந்த நீதிபதிகள் வேறு வழக்குகளுக்குப் போய்விடுவார்கள். நோட்டைத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பிப்பாய். எனக்குத்தான் அலுத்துப்போகும்.

வழக்கு என்னவோ சின்னதுதான். செகண்ட் ஷிப்டில் கான்ட்ராக்டர் யார்டு கேட்டை விட்டு நீ போய்விட்டாய் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். "டீக்கடையில கிரேன் டிரைவர் இருப்பான், கூட்டிகினு வா" என்று மேஸ்திரி உன்னை அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மறுநாள் அவரே, அப்படி அனுப்பவில்லை என்றுவிட்டார். கேட்டவன் நான் ஒருவன்தான்.

கடலூர் லேபர் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட வடக்குத்து கிராமத்தில் என் வீட்டுக்கே வந்தாய். "பொண்ணு படிச்சிகினு இருக்குறா. என் வேலையும் போச்சுன்னா என்னா பண்ணுறது?" என்றேன். "சரி வுடு, நீ வர வேணாம்" என்றாய். அவ்வளவுதான், அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

நான் இல்லாமலேயே ஜெயித்தாய். கடலூர் உன் வார்த்தையை நம்பியது, ஹைகோர்ட்டில் தனி நீதிபதியும் நம்பினார். கான்ட்ராக்டர் விடாமல் இரண்டு நீதிபதிகள் பெஞ்சுக்கு மேல்முறையீடு போனார். அதற்குள் என் பெண்ணுக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்திருந்தது. எனக்கும் தைரியம் வந்தது, பார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உன்னோடு சென்னைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன்.

வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க சாட்சி கூண்டே கிடையாதுய்யா. கீழ் கோர்ட் காகிதத்துல என்ன இருக்கோ, அதான் பேச்சு. அங்க சொல்லாதத இங்க வந்து சொல்ல முடியாது." சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நீ சிரித்தாய். "வந்தது வந்துட்டோம், பீச்சையாவது பாத்துகினு போலாம் வா" என்றாய். அன்றைக்கு நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தத் தீர்ப்பு வருவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

உன் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். "தோத்துட்டோம்னு வக்கீல் போன்ல சொல்லிட்டாருண்ணே. அது போவட்டும். மேஸ்திரி அனுப்பிதான் அவரு போனாருன்னு எந்தப் பக்கத்துலங்க போட்டிருக்குது? புள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றாள்.

தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். தொழிலாளி தன் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி எதையும் வைக்கவில்லை என்றுதான் இருந்தது. மேஸ்திரி அனுப்பினார் என்பது நிரூபிக்கப்படவில்லையாம்.

"அதுல இல்ல தங்கச்சி" என்றேன். "ஆனா மேஸ்திரி சொன்னத நான் கேட்டேன். பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அங்க இருந்தீங்களாண்ணே? பக்கத்துல யாருமே இல்லன்னுல்ல அவரு எங்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு."