இரண்டு துண்டு ரொட்டியின் கனம்

அருமை மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுகிற கடிதம். நான் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன், உன் உடம்பு சுகப்பட வேண்டும் என்பதுதான் விழித்தாலும் படுத்தாலும் என் நினைப்பு. ஆற்றுப்பாலம் உடைந்து ஊரே படகில் வேலைக்குப் போய்வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்காது, முன்பல் இரண்டும் விழுந்து நீ இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் அது. நான் வேலை பார்த்த ரொட்டிக்கடையில் கத்தியை ஒழித்துவிட்டு ரொட்டி அறுக்கிற மிஷின் வாங்கிப் போட்டதும் அந்த வருஷம், உன் அம்மா போனதும் அந்த வருஷம். சர்க்கரை முற்றிப் போய்விட்டாள் என்றே சொல்லி உன்னை வளர்த்துவிட்டேன். அது பொய்.

போன வாரம் போனில் நீ பேசியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊசி போடச் சொல்லிட்டாங்கப்பா, ரொட்டி, சோறு, கிழங்கு எல்லாத்தையும் நானே நிறுத்திட்டேன், வாயைக் கட்டினா சர்க்கரை தானா இறங்கிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். துணி இஸ்திரி போடும்போது கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது என்றும் சொன்னாய். நான் வாயெடுப்பதற்குள் சரிப்பா வைக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அன்றைக்கே தையல்காரரை விட்டு, ஊசி போட்டால் சாப்பிடாமல் இருக்காதே, உடனே டாக்டரைக் கேள் என்று செய்தி அனுப்பச் சொன்னேன், அதற்கும் சரிப்பா என்றுதான் பதில். உன் சரிப்பா எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஊசி ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரி நர்ஸம்மா, காலையில் இவ்வளவு மருந்து, அதற்கு இரண்டு துண்டு ரொட்டி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று சொன்னார். எனக்குப் படிப்பு இல்லை, இரண்டு என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்போது கடையில் கத்தி பிடிப்பது நான்தான், ஒவ்வொரு துண்டும் பெருவிரல் கனம் இருக்கும். மிஷின் வந்ததும் துண்டு பாதியாக இளைத்துவிட்டது. அடுப்பு மாஸ்டர் ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, யோவ், இது வழியா எதிர்க்கடைக்காரன் மீசை தெரியுதுய்யா என்றார், எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாக எண்ணி அவள் தட்டில் வைத்தேன். இளைத்தது தெரியாமல் இல்லை, சர்க்கரைக்காரிக்குக் குறைந்தால் நல்லதுதானே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. ஊசி மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. பத்து நாள் அவள் நடுங்கினாள், வேர்த்தாள், நோய் கூடுகிறது என்றே நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையெல்லாம் துவைத்துவிட்டு அடுக்களைக்குள் வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சர்க்கரை போட்டு டீ குடுங்களேன் என்றாள். நான் கேலியாக, ஏண்டி, சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரை கேக்குதோ என்றேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த உன் அத்தை, குடுத்துடாதண்ணே, நாக்கு கேக்கறதெல்லாம் குடுத்தா உடம்பு தாங்காது என்றாள். நீதான் ஸ்டூலில் ஏறிச் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாய். அம்மா பாவம்ப்பா, கேக்கறாப்பா என்றாய். உன் கையிலிருந்து நான் அதைப் பிடுங்கினேன். வெறும் டீயை ஆற்றிக் கொண்டுவருவதற்குள் அவள் தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள், கண் திறக்காமலே போய்விட்டாள்.

இந்த இடத்தில் தையல்காரர் பேனாவை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். என்ன சாப்பிட்டாங்க என்று நர்ஸம்மா கேட்டபோது, நீங்க சொன்ன ரெண்டு துண்டுதாம்மா, ஒரு நாள்கூட மாத்தலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவர் கையில் வைக்கும்போதுதான் என் கைக்கு உறைத்தது. பாதி ரொட்டிக்கு முழு ஊசி போட்டா சர்க்கரை அடியோட இறங்கிடுமே என்றார். தராசு இல்லாமலே எடை மாறாமல் மாவை உருட்டுகிற கை என்று கடையில் பேர் வாங்கிய கை இது. எண்ணத் தெரிந்ததே தவிர, அவள் தட்டில் வைத்ததன் கனம் அதற்குப் பிடிபடவில்லை.

எவ்வளவு சாப்பிடுவது என்று நீயாக முடிவுகட்டாதே, கண்ணு. நிறையத் தின்பது ஒரு ஆபத்து என்றால், ஊசியைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போடுவது இன்னொரு ஆபத்து. டாக்டரிடம் போய், ஊசி இவ்வளவு என்றால் ரொட்டி எவ்வளவு, சோறு எவ்வளவு, நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிற நாளில் எப்படி, வீட்டில் இருக்கிற நாளில் எப்படி என்று நின்று கேள். எத்தனை துண்டு என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதே, எத்தனை கனம் என்று கேள், சின்னத் தராசு ஒன்று வாங்கி எடை போட்டுச் சாப்பிடு. அம்மாவுக்குச் சொன்ன அளவு உனக்கு ஆகாது, உன் அளவை அவர்கள்தான் சொல்ல வேண்டும். பையில் எப்போதும் சர்க்கரை வைத்துக்கொள், கை நடுங்கி வேர்த்தால் முதலில் அதை வாயில் போடு, பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவை. என்னைப் போல யாராவது பிடுங்கிவிடப் போகிறார்கள்.

நீ நோய்நொடியை வென்று என்னைவிட அதிக நாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். டாக்டர் சொன்ன அளவை மறக்காமல் எழுது, சரிப்பா என்று மட்டும் எழுதாதே. அடுப்பு மாஸ்டர் போய் நாலு வருஷம், நர்ஸம்மா அதற்கும் முன்னால், போன வருஷம் உன் அத்தையும் போய்விட்டாள், அந்த டப்பாவைப் பற்றிக் கடைசிவரை அவளும் வாய் திறக்கவில்லை. என்னை விடு, நான் கிளம்பி நிற்கிற ஆள். அன்றைக்கு அந்த அடுக்களையில் செய்ய வேண்டியதைச் செய்தவள் ஒருத்திதான், மிச்சம் இருப்பவளும் அவள்தான், அது நீ.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் அப்பா