தடைப் பட்டியலும் மைதாப் பசையும்

மாப்ள,

இன்று காலை எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்ட ஒருவன் மைதாப் பசை காய்ச்சினான். வாசனை மூக்கில் ஏறியதும் நம் பெரம்பலூர் பேங்க்கில் உன் மேஜை கண்முன் நின்றது. கூடவே என் வயிற்றெரிச்சலும். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது மட்டும் போகவில்லை.

இன்னின்னாரோடு பணப் பரிமாற்றம் கூடாது என்று அரசாங்கம் வெளியிடும் தடைப் பட்டியல் அப்போது தபாலில் வரும். பின்னாலேயே திருத்தங்கள் வரும்: இந்தப் பெயரைச் சேர், அதை நீக்கு. நாங்களெல்லாம் கம்பியில் குத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். நீ அவற்றைக் கத்தரித்து, வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த பசையால் பழைய பெயர்களின் மேலேயே ஒட்டுவாய். ஒட்டி ஒட்டி அந்த நோட்டு ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவர் கனத்துக்கு வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் மேனேஜர் உன்னைக் காட்டி, "அவர்ட்ட கேளுங்க" என்பார். அதைக் கேட்டே என் தலைமுடி பாதி கொட்டியது.

பிறகு பட்டியல் இணையத்துக்குப் போனது, தபால் நின்றது. திருச்சியில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கங்கை கொண்டு திரும்பிய சோழனைப் போல, பட்டியலைப் பிளாப்பியில் கொண்டு திரும்பினேன். உன் பசையை இனி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். நீ சிரித்தாய்.

சில மாதங்கள் கழித்து லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்துக்கு மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணம். அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன், பட்டியலில் அதே பெயர். நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. "நான் என்னங்க சார் தப்பு பண்ணேன்?" என்றார் பாய். நான் சட்டம் பேசினேன்.

நீ என்னை ரெக்கார்டு ரூமுக்கு இழுத்துப்போய் நோட்டைத் திறந்தாய். அந்தப் பெயரின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு. உன் கையெழுத்தில் 'நீக்கம்'.

"தபால்தான் நின்னுபோச்சே, இது ஏதுடா?"

"பஸ் ஸ்டாண்டு நெட் கடைல சனிக்கெழம சனிக்கெழம பாத்து எழுதியாருவேன். பட்டியல் மாறிக்கிட்டே இருக்கு மாப்ள. நீ கொண்டாந்தது அன்னிக்கு உள்ளது."

ஒருமுறை கொண்டுவந்தால் உலகம் உள்ளவரை செல்லும் என்று நான் நினைத்திருந்தேன். அன்றே நெட் கடையில் புதுப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பெயர் இல்லை.

நீ என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். பாயிடமும் மேனேஜரிடமும் நீ சொன்னது வேறு: "சார்தான் மறுபடி பாத்துக் கண்டுபுடிச்சாருங்க." பணம் கைக்கு வந்ததும் பாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நீ உன் மேஜைக்குப் போய்விட்டாய்.

பாயின் மகள் இப்போதும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் நின்று, "இந்த மாமாவாலதான் எங்க கல்யாணம் நடந்துச்சு" என்று தன் பிள்ளைகளிடம் காட்டுகிறாள். நானில்லை, அவன் என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் உன் சிரிப்பு ஞாபகம் வரும். பொறாமை வாயை அடைத்துவிடும். தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

உனக்குச் சேரவேண்டிய வணக்கம் அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது, மாப்ள. தரமாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து வாங்கிக்கொள்.