இறங்காத ஷட்டர்

கார்த்திகை 24, இரவு

ஏரி மதகைத் திறக்கச் சொன்னது நான்தான். முந்தாநாள் போனில் அதிகனமழை என்று எச்சரிக்கை வந்தது. ஏரி ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தது. கரை உடைந்தால் எங்கள் தெரு மூழ்கிவிடும் என்று பயந்து, வார்டு மெம்பர் என்ற முறையில் பிடிவாதம் பிடித்தேன். போர்வெல் இல்லாமல் ஏரித் தண்ணீரை மட்டும் நம்பி நெல் வைத்திருக்கிற ஏழுமலை அண்ணன்தான் தடுத்தார்.

"ஒரு ராத்திரி பாத்துட்டுத் தொறக்கலாம் மெம்பரே. மழை இப்பல்லாம் ஏமாத்திக்கினு கீது."

நான் கேட்கவில்லை.

மழை கடலோடு போய்விட்டது. ஊரில் தூறல்கூட இல்லை. இன்று காலை மதகை மூடப் போனால் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து திருகியும் இறங்கவில்லை. மணல் மூட்டைகளைப் போட்டோம். தண்ணீர் அவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. ஏரியைக் கவனிக்கிற பொதுப்பணித்துறை அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"ஆள் அனுப்புறேம்மா. ரெண்டு நாள் ஆவும்."

சாயங்காலத்துக்குள் ஏரி கால்வாசி இறங்கிவிட்டது. அண்ணனின் பயிர் இப்போதுதான் கதிர் தள்ளுகிறது. அறுப்பு வரை தண்ணீர் வேண்டும். அது ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருட்டியதும் அவரே என்னை வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். திட்டுவார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன்.

"போய்ப் படும்மா. நீ இன்னா பண்ணுவ, நல்லதுக்குத்தான சொன்ன" என்றார்.

படுத்துப் பார்த்தேன், தூங்க முடியவில்லை. இந்நேரமும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும்.